பென்சிலில் திருத்திய சொல்

கோடு போட்ட பழைய நோட்டு. பதினேழாம் பக்கத்தில் ஒரு சொல்லைப் பென்சிலால் அடித்து, மேலே வேறொரு சொல் எழுதியிருக்கிறது. மூன்று நாளாக அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். எழுந்து போய் டீ போடுகிறேன், குடிக்காமல் வைத்துவிட்டு மறுபடி வந்து பார்க்கிறேன்.

பதினான்கு வயதில் நான் எழுதிய நாவல் அது. பரம்பரையாக வரும் மந்திர சக்தி கைக்கு வந்துசேர்ந்த ஒரு பெண்ணின் கதை. அதையே இப்போது இளையோருக்கான நாவலாக விரித்து எழுதி முடித்துவிட்டேன், பதிப்பாளர் அவசரப்படுத்துகிறார். ஒரு விவரத்தைச் சரிபார்க்கத்தான் அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம்.

கதைக்காக நான் எங்கும் அலையவில்லை. ஜவ்வாது மலையில், காவலூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா தேள்கடிக்கு மந்திரிப்பவர். சாமை அறுத்துக்கொண்டிருந்தாலும் ஆள் வந்தால் அரிவாளைப் போட்டுவிட்டு வேப்பங்கொத்தோடு உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் பிறகு அது மூத்த பிள்ளைக்கு, அதாவது அக்காவுக்கு. வாங்கிக்கொண்டவர் மலையை விட்டு இறங்கி வேறெங்கும் தங்கக் கூடாது. அக்காவுக்கோ வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அப்பா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். வரும் சூரிய கிரகணத்தன்று ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நூற்றெட்டு முறை சொன்னால் அது அவளுடையதாகிவிடும். பிறகு வேலூராவது, படிப்பாவது.

அந்த வாரம் முழுக்க, பாத்திரம் தேய்க்கும்போதும் தலை வாரும்போதும் அவள் அதை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். என் கதாநாயகிக்கு ஒரு மந்திரம் தேவைப்பட்டது. காதில் விழுந்ததைப் பேனாவால் எழுதிக்கொண்டேன். எழுத்தில் ஏறினால் மந்திரம் செத்துவிடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு எழுத்து பிசகினால் அது மந்திரமே இல்லை, வெறும் பேச்சு என்பதும் தெரியும். கதைதானே என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்பு அக்கா அந்த நோட்டை அப்பா முன்னால் விரித்து வைத்தாள். "எழுதி வச்சிட்டாப்பா. ஒரு எழுத்து தப்பில்ல. இனிமே பலிக்காது." அப்பா இரண்டு முறை வாசித்தார். "இன்னாடி பண்ணி வச்சிருக்க?" என்று என்னைக் கேட்டார். அதன்பிறகு இரண்டு வருஷம் அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை. கிரகணம் முடிந்த மறுநாள் அக்கா பெட்டியோடு பஸ் ஏறினாள். கடிபட்டு வந்தவர்களிடம், "என்கிட்ட இல்லீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் நான் மாட்டுக் கொட்டகைக்கு ஓடிவிடுவேன்.

அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த நோட்டைத் திறக்கும் தைரியம் எனக்கு இதுவரை வந்ததில்லை. இப்போதுதான் பார்க்கிறேன், நான் ஒரு சொல்லைத் தப்பாகத்தான் எழுதியிருந்தேன். அப்படியே விட்டிருந்தால் எதுவும் செத்திருக்காது. பென்சிலில் இருப்பது என் எழுத்து இல்லை. 'ற'வின் காலை இவ்வளவு கீழே இழுப்பது எங்கள் வீட்டில் ஒருத்திதான்.

போன் செய்தேன். "ஆமாண்டி, நான்தான்" என்றாள் அக்கா, உடனே. "அப்பாவுக்கு என்மேல கோவம் வந்தா படிப்பு போய்டும். உன்மேல வந்தா கொஞ்ச நாள் பேசமாட்டாரு, அவ்ளோதான்னு நெனச்சேன்." வார்டில் யாரோ கூப்பிட்டார்கள். "வர்றேங்க" என்று அங்கே குரல் கொடுத்துவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம். அவள் படித்து நர்ஸானதில் சந்தோஷமும் இருக்கிறது. அது கோபத்தைக் குறைக்கவில்லை. என் நாவலில் தங்கையின் அசட்டுத்தனத்தால்தான் சக்தி அழிகிறது. இனி அதைத் திருத்த வேண்டும்.

மறுபடி நோட்டைத் திறந்தேன். அவசரத்தில் செய்திருப்பாள், பயந்துபோய்ச் செய்திருப்பாள் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அடித்த கோடு நேராக இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறாள்.