முடிச்சவிழ்க்கி சைதூன்

பிரசவ வீட்டில் நுழைந்ததும் மருத்துவச்சி சைதூன் முதலில் கேட்பது வெந்நீரை அன்று. "இதுல பெக்கப் போறவ யாரு, வேடிக்க பாக்க வந்தவுக யாரு?" என்பதே அவருடைய முதற்கேள்வி. நோவு கண்டவளைக் கூட்டத்துக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலையில் அவர் அதைக் கேட்காமல் வேறென்ன செய்வார்?

பேகம்பூரில் தோல் கிடங்குத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்து, மதுரையில் பேறுகாலப் பயிற்சி பெற்று, 1950களின் தொடக்கத்தில் சின்னாளப்பட்டிக்கு அரசாங்க மருத்துவச்சியாக வந்தவர் சைதூன். நோவு எவ்வளவு நீண்டாலும் அவர் பொறுமை இழந்ததில்லை. பெண் நடந்தால் கூட நடப்பார். அவள் குந்தினால் இடுப்பைத் தாங்கிப் பிடிப்பார். அவருக்குச் சினமூட்டியது ஒரே ஒரு சொல்: "முக்கு!" கருப்பையின் வாய் திறக்கும் முன்பே சுற்றி நிற்பவர்கள் அதைக் கத்தத் தொடங்கிவிடுவார்கள். "கதவு தெறக்குமுன்ன முட்டச் சொன்னா அவ எங்கிட்டுப் போவா?" என்று அவர் கேட்காத வீடில்லை. கேட்டுத் திருந்திய வீடும் இல்லை.

நெசவாளி சுருளிவேலின் மனைவி கண்ணம்மாளுக்கு இந்தச் சொல்லின் விலை தெரியும். தலைப்பிரசவத்தில், தாய்வீட்டில், உறவுப் பெண்கள் விடியற்காலையிலிருந்தே அவளை முக்க வைத்தார்கள். உண்மையில் முக்க வேண்டிய வேளை வந்தபோது அவள் உடம்பில் வலு இல்லை. குழந்தை அழவே இல்லை. 1957இல் அவள் மறுபடி கருவுற்றபோது, சோதித்துப் பார்க்க வந்த சைதூனின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எனக்கு மருந்து மாத்திரை வேணாம் நர்சம்மா. அந்த நேரத்துல ஒருத்தரையும் உள்ள விடாதீக. அது போதும்."

"விடமாட்டேன்," என்றார் சைதூன். அது எத்தகைய வாக்குறுதி என்பது நோவு கண்ட அன்று காலையில்தான் அவருக்கு முழுமையாக விளங்கிற்று.

வெளியே அனுப்பப்பட்ட ஒவ்வொருத்தியும் ஒரு காரணத்தோடு திரும்பி வந்தாள். ஒருத்தி வேப்பிலை கொண்டுவந்தாள். இன்னொருத்தி தன் வெற்றிலைப் பெட்டியை அங்கேதான் வைத்ததாகச் சாதித்தாள். மாமியார் மூக்காயி நிலைப்படியை விட்டு நகரவே இல்லை.

"முக்கு தாயி, முக்கு!"

"ஆத்தா, வாய வச்சுக்கிட்டுச் செத்த நேரம் சும்மா இருங்க."

"நான் சும்மாத்தான இருக்கேன்? அவளும்ல சும்மா இருக்கா!"

நண்பகலில் நோவு சற்றே தளர்ந்தது. அது இயல்பு, இளைப்பாறும் நேரம். மூக்காயியோ வீட்டில் ஏதோ ஒரு முடிச்சு அவிழாமல் கிடப்பதால்தான் பிள்ளை தங்குகிறது என்று தீர்ப்பளித்தாள். பெட்டிகள் திறக்கப்பட்டன, பானைகளின் மூடிகள் அகற்றப்பட்டன, பெண்கள் கொண்டையை அவிழ்த்துப் போட்டார்கள். கன்றுக்குட்டியின் கயிற்றையும் அவிழ்த்தார்கள். அது தெருவில் பாய்ந்தது. துரத்தப்போன சுருளிவேல் பாதி வழியில் ஏதோ தோன்றித் திரும்பி ஓடிவந்து, தறியில் இழை இழையாக முடிந்து ஏற்றியிருந்த பாவு நூலின் முன்னே கை விரித்து நின்றான். "ஆத்தா! பாவுல கைய வச்சே, நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

பாவு தப்பியது. மூக்காயியின் கண் மூலையிலிருந்த மூட்டையில் விழுந்தது. ஜவுளி வியாபாரி பொம்மையன் கூலிக்கு முடிச்சுப் போடக் கொடுத்த சேலைகள் அவை. துணியைக் கடுகளவு கிள்ளிக் கிள்ளி நூலால் இறுக்கி, கண்ணம்மாள் மாதக்கணக்கில் போட்ட சுங்குடி முடிச்சுகள். சாயத்தில் முக்கிய பிறகு அவிழ்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைப் புள்ளி. முன்னரே அவிழ்த்தால் வெறும் கசங்கல்.

சைதூன் கடிந்துரைக்க வாயெடுத்தார். பிறகு அங்கே சும்மா கிடந்த கைகள் எத்தனை என்று பார்த்தார்.

"சரி ஆத்தா. ஆனா வீட்டுக்குள்ள இருட்டுல அவுக்காதீக. வேப்பமரத்தடிக்குக் கொண்டு போங்க. ஒண்ணு விடக்கூடாது. பேசுனா விட்டுப்போயிரும்."

எல்லாரும் போனார்கள். "கதவுக்குத் தாழ் மட்டும் போட்றாதீக, அதுவும் முடிச்சு மாதிரிதான்," என்று மூக்காயி எச்சரித்ததால், சைதூன் கதவில் முக்காலியைச் சாய்த்து வைத்தார்.

கண்ணம்மாள் விட்டத்துக் கயிற்றைப் பிடித்தபடி கஞ்சி குடித்தாள். அமைதி அவளுக்கே ஐயத்தைத் தந்தது.

"எங்க போனாக எல்லாரும்?"

"உன் சுங்குடி முடிச்ச அவுக்குறாக."

"என்னது! நர்சம்மா, அது என் ரெண்டு கண்ணு! கூப்புடுங்க அவுகள!"

"கூப்புடுறேன். வந்து முக்கு முக்குன்னு கத்துவாக. கூப்புடவா?"

ஒரு நோவு வந்து போகும்வரை கண்ணம்மாள் கயிற்றில் தொங்கினாள்.

"அவுக்கட்டும். நாசமாப் போகட்டும். அவுக்கட்டும்."

மாலையில், உடம்பே கட்டளையிட்டபோது, யாரும் சொல்லாமல் அவள் முக்கினாள். பெண் குழந்தை, பிறந்ததும் வீறிட்டது. முக்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மூக்காயி, தொப்புள்கொடியில் நூல் சுற்றப்படுவதைக் கண்டு அலறினாள்.

"ஐயையோ, முடிச்சுப் போடாதீக!"

"இதப் போடலன்னா ரத்தம் நிக்காது ஆத்தா. இந்த ஒரு முடிச்சையாவது எனக்கு விடுங்க."

மரத்தடியில் பாதிக்கு மேற்பட்ட முடிச்சுகள் அவிழாமலே கிடந்தன. சைதூன் அவற்றைச் சுட்டிக்காட்டினார். மூக்காயி அசரவில்லை. "எந்த முடிச்சு அவ முடிச்சோ, அது அவுந்திருச்சு."

மறுநாள் பொம்மையன் வாசலில் நின்று முழங்கினார். "எவ அந்த முடிச்சவிக்கி?" திருட்டுப் பயல்களைத் திட்டும் சொல் அது.

"நான்தேன்," என்று வெளியே வந்தார், தாயையும் பிள்ளையையும் கவனிக்க வந்திருந்த சைதூன். "உள்ள புள்ள தூங்குது. மெதுவாத் திட்டுங்க."

பெயர் ஊர் முழுவதும் ஒட்டிக்கொண்டது. அதைவிட எரிச்சலூட்டியது பின்வந்த புகழ்: முடிச்சவிழ்க்கி நர்சம்மா வந்தால் சுகப்பிரசவம் என்று, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முடிச்சுத் துணியோடு அவரை வரவேற்றார்கள். கருப்பையைப் பற்றி அவர் ஆண்டுக்கணக்கில் சொன்ன ஒன்றுகூட எவர் நினைவிலும் இல்லை.

1960இல் கண்ணம்மாளுக்கு மீண்டும் நோவு கண்டது. சைதூன் போனபோது நிலைப்படியில் கூட்டமில்லை. கண்ணம்மாள் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள்.

"எங்க உன் மாமியா?"

"மரத்தடியில. பழைய வேட்டி ஒண்ணு நெறைய முடிச்சுப் போட்டு வச்சிருந்தேன் நர்சம்மா. வாரவுக கையில ஆளுக்கு ஒரு முனை."

வெளியிலிருந்து மூக்காயியின் குரல் கேட்டது. "இம்புட்டு இறுக்கியாடி போடுவா ஒருத்தி? நகமே போச்சு!"

சைதூன் முக்காலியைக் கதவில் சாய்த்தார்.