ஒரே தொடுகையில் நலம்

செயலிகளின் திரைகளை வடிவமைப்பது என் தொழில். பயன்படுத்துபவர் எங்கே தயங்குகிறார், எதைப் படிக்காமலே கடக்கிறார், விரல் எவ்விடத்திற்குத் தானாகச் செல்கிறது என்று கவனித்து, அந்தத் தயக்கத்தை நீக்குவதே அதன் சாரம். கல்வராயன் மலையில் கருவுற்ற பெண்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு கேட்ட செயலியையும் அவ்வாறே உருவாக்கினேன். நாள்தோறும் காலையில் அது ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இன்று உடல் எப்படி இருக்கிறது? பச்சைப் பொத்தானைத் தொட்டால் நலம், அத்துடன் முடிந்தது. சிவப்பைத் தொட்டால் தலைவலியா, வீக்கமா, கண் மங்கலா, உதிரப்போக்கா என்று மேலும் ஐந்து கேள்விகள் வரும்; இறுதியில் செவிலியருக்குச் செய்தி போகும். நலமாக இருப்பவரை நெடுநேரம் நிறுத்திவைப்பது முறையன்று என்று கருதினேன். விடை வரும்வரை ஒலி ஓயாதபடி அமைத்தவளும் நானே.

வெள்ளிமலை சுகாதார நிலையத்தில் பரிசோதனை நாளன்று வந்திருந்த பெண்களிடம் அதைச் சோதித்தோம். கையில் கைப்பேசியைக் கொடுத்தோம், ஒருவரும் திணறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திகூட, கேள்வியைக் குரலில் கேட்டுச் சரியாகத் தொட்டாள். நிறைவோடு கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினேன்.

செயலி நடைமுறைக்கு வந்தபின், மலைச்சரிவிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து மட்டும் ஒரு நாளும் தவறாமல் விடைகள் வந்தன. பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டும் பச்சை. அமைப்பினர் அவ்வூரை மற்ற ஊர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத் தொடங்கினர். அந்தப் பகுதியைக் கவனிக்கும் செவிலியர் மட்டும் மகிழவில்லை. ஒருநாள் என்னை அழைத்தார்.

“நல்லா இருக்காங்கன்னா சந்தோஷப்படணும் மேடம். எனக்கு இன்னாவோ பயமா இருக்குது. பன்னண்டு பேருல ஒருத்திக்குக்கூடவா காலு வீங்காது?”

அதுவரை நான் விடைகளை எண்ணியிருந்தேனே ஒழிய, அவை வந்த விதத்தைப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். பன்னிரண்டும் நாள்தோறும் மூன்று நிமிடத்திற்குள், ஏறத்தாழ ஒரே வரிசையில் வந்திருந்தன. அவை புறப்பட்ட இடமும் ஒன்றே. வீடுகளே இல்லாத ஒரு மேடு அது. திரையில் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கப் பெரிதாக்க, சுற்றிலும் மரங்களே தெரிந்தன.

மறுநாள் காலை செவிலியரும் நானும் ஜீப்பில் மலையேறினோம். ஊரை அடையுமுன்பே வழியோரப் பாறையொன்றின் மேல் ஒரு பெண் அமர்ந்திருக்கக் கண்டோம். கீழே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் மடியில் ஒரு துணிப்பை. அருகே போனதும் பைக்குள்ளிருந்து எழுந்த ஒலி எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கைப்பேசிகள் ஒலித்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைக்கூடச் சுளிக்காமல், பச்சையைத் தொட்டுத் தொட்டு உள்ளே போட்டாள்.

அவள் சொன்னதிலிருந்து அந்த ஊரின் வழக்கம் புரிந்தது. ஊருக்குள் கைப்பேசிச் சிக்னல் எட்டாது; இந்தப் பாறையில்தான் கிடைக்கும். ஆண்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கு வெளியூர் போயிருந்தனர். அவர்கள் அனுப்பும் செய்திகள் வந்து சேர்வதற்காக, ஆடோட்டி வருபவள் எல்லார் வீட்டுக் கைப்பேசிகளையும் காலையில் வாங்கிக்கொண்டு வருவாள். பொழுது சாயும்போது திருப்பிக் கொடுப்பாள்.

“பன்னண்டு வூட்டு ஆம்பளைங்களும் இந்தப் பையிலதான் கீறாங்க” என்று சொல்லிச் சிரித்தாள்.

பச்சையை ஏன் தொடுகிறாய் என்று கேட்டேன்.

“கத்திக்கினே இருந்தா சார்ஜு பூடுதுங்கம்மா. செவப்பத் தொட்டா மேல மேல கேக்குது. பச்சன்னா ஒரே தொடுதான், வாயை மூடிக்குது.”

அவள்மேல் குற்றமில்லை. என் திரையை அவளைவிடத் தெளிவாக எவரும் புரிந்துகொண்டதில்லை. கைப்பேசி யார் கையில் இருக்கும் என்று வெள்ளிமலையில் ஒருத்தியிடமும் நான் கேட்கவில்லை. நானே அதைக் கையில் கொடுத்துவிட்டல்லவா சோதித்தேன்.

செவிலியர் அதற்குள் ஊரை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். முதல் வீட்டில், பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் ஒரு மாதமே இருந்த பெண்ணொருத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் ஊதியிருந்தது. நான்கு நாளாகத் தலைவலி என்றாள். தினமும் கேட்கிறீர்களாமே, யாராவது வருவீர்கள் என்று இருந்துவிட்டேன் என்று அவள் தணிந்த குரலில் சொன்னபோது, நான் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். செவிலியர் இரத்த அழுத்தம் அளந்தார். எண்ணைச் சொல்லாமல் கருவியை மடித்து வைத்தார். மறுபடி விரித்து மீண்டும் அளந்தார்.

பிற வீடுகளுக்குப் போக நேரமில்லை. கணவன் ஊரில் இல்லாததால், துணைக்கு ஆடோட்டும் பெண்ணே ஜீப்பில் ஏறிக்கொண்டாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கர்ப்பிணி கண்களை மூடிக்கொண்டாள். மூடியவை திறக்குமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வடக்கனந்தலைத் தாண்டும்போது அவள் பேச்சு குழறியது. செவிலியர் அவள் தாடையைப் பிடித்து, ஏதேதோ கேட்டுப் பேசவைத்துக்கொண்டே வந்தார்.

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் அவளை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். குழந்தையை இப்போதே எடுத்தாக வேண்டும், தாயைப் பற்றி மாலைக்குள் சொல்கிறோம் என்று மருத்துவர் சொல்லிச் சென்றார். தாழ்வாரத்து விசிப்பலகையில் மூவரும் உட்கார்ந்தோம்.

“மத்த பதினோரு பேரையும் விசாரிச்சிடுங்க மேடம்” என்றார் செவிலியர்.

பட்டியலைத் திறந்து, அடுத்த பெயருக்கு எதிரே இருந்த எண்ணை அழைத்தேன். எனக்குப் பக்கத்திலேயே மணி ஒலித்தது. அவசரத்தில் ஆடோட்டும் பெண் பையையும் தோளில் மாட்டிக்கொண்டே வந்துவிட்டிருந்தாள். மலைமேல் அந்த ஊரில் அப்போது ஒரு கைப்பேசிகூட இல்லை.

அவள் பைக்குள் கைவிட்டு, ஒலித்ததை வெளியே எடுத்து, யாருடையது என்று திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு அவளிடம் இப்போது இல்லை.

“இவளுக்கு ஏழு மாசம்” என்றாள். “கண்ணு மங்குதுன்னு நேத்து சொல்லிக்கினு இருந்தா.”

செவிலியர் எழுந்து வாசலுக்கு ஓடினார். ஜீப் ஓட்டுநர் அப்போதுதான் தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கியிருந்தார்.