மகாதேவன் ஊதிய கற்பூரம்

அமெரிக்காவில், ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டி என்ற ஊரில், மகாதேவனிடமிருந்து "முடியாது" என்ற பதிலை யாரும் பெற்றதில்லை. பெரிய குணம் என்று பலர் புகழ்ந்தார்கள். புகழ்ந்த எல்லோரையும் அவர் ஒருமுறையாவது ஹூஸ்டன் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். 1986இல் எண்ணெய் விலை சரிந்து இன்ஜினியர் வேலை போனபோதும், மேனேஜர் நீட்டிய தாளில் நன்றி சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம், விமானக் கிளப் ஒன்றின் தலைவரான பக்கத்து வீட்டு அமெரிக்கர், "இந்தத் துணியை ஒரு நிமிஷம் பிடிக்கிறாயா?" என்றார். அந்த நிமிஷம் இரண்டு வருஷம் நீடித்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் ஓட்டிய ஹால்பர்ஸ்டாட் என்ற இரட்டை இறக்கைப் போர் விமானத்துக்குக் கிளப்காரர்கள் நகல் செய்துகொண்டிருந்தார்கள். மரச்சட்டம், அதன்மேல் துணி. இறக்கைக்கு மேலிருந்து ஒருவர் ஊசியைக் குத்த, கீழிருந்து ஒருவர் வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். கீழே படுத்திருந்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. துணியை விறைக்கவைக்கும் டோப் என்ற பூச்சையும் அவரே பூசினார். அது நகப்பூச்சுபோல மணக்கும், பெட்ரோல்போலப் பற்றிக்கொள்ளும். தையல் நேராக இருந்தது. அதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

விமானம் முதன்முதலில் பறக்கவிருந்த நாளுக்கு முந்தைய மதியம், அவர் மனைவி ஷ்யாமளா பூஜைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். மகாதேவன் வழக்கம்போலச் சரி என்றிருந்தார். வார நாட்களில் ஆடிட்டராகவும் வார இறுதியில் புதுக் கார்களுக்குப் புரோகிதராகவும் இருக்கும் வாஞ்சிநாதன், ஜீன்ஸுக்கு மேல் வேஷ்டி கட்டிக்கொண்டு விமானம் நின்ற ஷெட்டுக்குள் வந்தார். கையில் நான்கு எலுமிச்சம்பழம்.

"மீதி ரெண்டு சக்கரம் எங்க சார்?"

"ரெண்டுதான். பின்னாடி வெறும் கட்டை."

"கட்டைக்கு ஒண்ணு வெச்சுடலாம். வால்ல சிலுவை போட்டிருக்கே, சந்தனம் வெக்கலாமோல்லியோ?"

"ஜெர்மன் மிலிட்டரி அடையாளம் அது. வையுங்கோ."

பிறகு வாஞ்சிநாதன் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். கீழ் இறக்கையில் காலையில் அடித்த கடைசிப் பூச்சு இன்னும் ஈரம் காயவில்லை. தட்டு வட்டம் போட்டபடி அதை நோக்கி நகர்ந்தது. இரண்டு வருஷத் தையல் நாலு நிமிஷத்தில் எரிந்துவிடும். முடியாது என்று சொல்லத்தான் மகாதேவன் வாயைத் திறந்தார். ஐம்பது வருஷம் பழகாத சொல் அவசரத்துக்கு வருமா? காற்றுதான் வந்தது. குனிந்து, சாமிக்கு ஏற்றிய கற்பூரத்தை வாயாலேயே ஊதி அணைத்தார்.

இதுவும் சடங்கு என்று நினைத்துக் கிளப் தலைவர் மட்டும் கை தட்டினார்.

"வாயால ஊதறதாவது. என் சர்வீஸ்ல பார்த்ததில்ல சார்," என்றார் வாஞ்சிநாதன்.

"பத்திண்டிருக்கும்," என்றார் மகாதேவன். அவ்வளவுதான் சொன்னார்.

திரும்பும்போது, காரில் ஷ்யாமளா மடியிலிருந்த தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"வாஞ்சி மச்சினனை சாயந்தரம் ஏர்போர்ட்ல டிராப் பண்றேன்னு ஒத்துண்டிருக்கேளே. அதையும் ஊதி அணைச்சுடுங்கோ."

வீட்டுக்குப் போனதும் மகாதேவன் போனை எடுத்தார்.