ஃப்ரிட்ஜில் வைத்த மருந்து

கல்யாணமான புதிதில் என் மனைவி என்னை வேவு பார்க்க ஆரம்பித்தாள். பையைத் துழாவினாள். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்பாள். தன் அம்மாவிடம் ஃபோனில் குசுகுசுவென்று பேசுவாள். என் தலையைக் கண்டதும் வைத்துவிடுவாள். எனக்கோ பிறவியிலேயே சந்தேகப் புத்தி. என்னுடன் ஆராய்ச்சி செய்யும் பெண்ணை வைத்துத்தான் இத்தனையும் என்று முடிவுகட்டினேன். இந்தக் குடித்தனம் நிலைக்குமா என்று பயமாகவே இருந்தது.

அது 2009. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நெல்லில் திசு வளர்ப்பு செய்துகொண்டிருந்தேன். உமி நீக்கிய நெல்லை ஹார்மோன் கலந்த கூழில் வைத்தால் ஒழுங்காக முளைக்காது. வேரென்றும் தண்டென்றும் சொல்ல முடியாத மஞ்சள் கட்டியாகத் திரளும். அதை வேறொரு ஹார்மோனுக்கு மாற்றினால் பச்சை துளிர்க்க வேண்டும். எனக்குத் துளிர்க்கவில்லை. எல்லாம் பழுப்பேறிச் செத்தன. தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், கெமிக்கல் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கல்லூரி ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிரவில்லையோ என்று, புதிதாகக் கலக்கிய முதல் ஹார்மோனை வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டுவந்து வைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. எல்லாம் முடிந்துபோயிற்று என்று நண்பனிடம் ஃபோனில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரை வைத்து என்னைச் சந்தேகப்படுகிறாய் என்று கேட்டேவிட்டேன். அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்த ஹார்மோன் குப்பியை எடுத்தாள். நான் ஒட்டிய சீட்டில் ‘2,4-டி’ என்று இருந்தது. பூதப்பாண்டிப் பக்கம் வயல்காரர் வீட்டுப் பெண் அவள். அங்கே அது களைக்கு அடிக்கிற மருந்து. வெறுமனே ‘மருந்து’ என்று சொன்னால் அந்த ஊரில் யாரும் காய்ச்சலை நினைப்பதில்லை.

“இத எதுக்கு வீட்டுல கொண்டு வச்சிருக்கிய?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே சரக்குதான், கூடினால் களை கருகும், துளியிலும் துளி சேர்த்தால் நெல் கட்டியாகத் திரளும், ஆராய்ச்சிக்குத்தான் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

“அப்பாவும் வயலுக்குன்னு சொல்லித்தான் கொண்டு வச்சாவ.”

பெண் பார்க்கப் போனபோது, மாமனார் நெஞ்சுவலியில் போனார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் துழாவிய பையும் காவல் நின்ற குளியலறைக் கதவும் நினைவுக்கு வந்தன. குப்பியை வாங்கக் கை நீட்டினேன், அவள் விடவில்லை. மறுநாள் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, அதை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கல்லூரி வரைக்கும் வந்தாள். ஆய்வகத்துக்குள் நுழைந்து அவளே அலமாரியில் வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.