அவளே சொல்லச் சொன்னாள் என்றேன்

கன்னியம்மாளின் பிழைப்பைக் கெடுத்தவன் நான்தான். அவள் மகளின் படிப்பைக் கெடுத்தவனும் நான்தான். மேற்குத் தாம்பரத்தில் அவள் வேலை செய்த தெருக்காரர்கள் வேறு யார் யாரையோ சொல்வார்கள். நம்பாதீர்கள்! நான் சொன்ன ஒரு பொய்தான் அவர்களை ஊரைவிட்டே துரத்தியது.

இதை இத்தனை காலமாக யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய மனைவியிடம்கூட இல்லை. உங்களிடம் சொல்வதற்கும் பெரிய காரணம் எதுவும் கிடையாது... உங்கள் முகம் எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம். படப்பையில் நிலபுலனுள்ள வீட்டுப் பிள்ளையான நான், தாம்பரத்தில் கல்லூரி விடுதியில் தங்கி பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தோம். மேடை இல்லை, திரை இல்லை. நாலு தெரு கூடும் இடத்தில் ஒரு பறையைத் தட்டிக் கூட்டம் சேர்த்து, அரை மணி நேரம் நடித்துவிட்டுப் போவோம். சமூகத்தையே புரட்டிப்போடப் போகிறோம் என்று நினைப்பு! அந்த வயதில் அந்த நினைப்பு இல்லாவிட்டால்தான் தப்பு, அதை நான் இப்போதும் சொல்வேன்.

குழுவுக்குத் தலைவன் ஆல்பர்ட். என்னுடைய அறைத்தோழன். நாடகங்களை எழுதுவதும் அவன்தான். அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. யாரைப் பற்றி நாடகம் போடுகிறோமோ, அவர்களோடு நாலு நாள் இருந்துவிட்டுத்தான் எழுத வேண்டும். எழுதியதை முதலில் அவர்களிடம் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்பதை அடித்துவிட வேண்டும். நல்ல கொள்கைதான்.

அந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்டது எடுப்புக் கக்கூஸ். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. வீட்டின் கொல்லைப்புறத்தில் கழிப்பறை. அதன் பின்னால் சந்துக்குத் திறக்கும் ஒரு சின்னக் கதவு. தினமும் காலையில் ஒருத்தி வந்து, அந்தக் கதவைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தகரத்தால் வழித்து வாளியில் போட்டு எடுத்துப் போவாள். அப்படி மூன்று தெருக்களுக்கு வருபவள் கன்னியம்மாள்.

பெண் வேடம் எனக்கு. ஆண்கள் மட்டும் இருந்த குழு; அதில் மீசை அரும்பாத முகம் எனக்குத்தான். சும்மா சொல்லக்கூடாது, யாரையும் பார்த்த மாத்திரத்தில் அப்படியே செய்துகாட்டிவிடுவேன். அதில் எனக்குக் கொள்ளைத் திமிர்!

நாலு நாள் அவள் பின்னாலேயே சந்து சந்தாக அலைந்தேன். இடுப்பை வலப்பக்கம் சாய்த்து அவள் நடப்பதை, முந்தானையை மூக்கில் கட்டுவதை, ஒவ்வொரு கதவருகிலும் "அம்மோவ்... வந்துட்டேன்" என்று இழுப்பதை எல்லாம் மனத்தில் எழுதிக்கொண்டேன். என்னிடம் நன்றாகப் பேசினாள். தன் பேச்சை உட்கார்ந்து கேட்க ஒருவன் வந்திருக்கிறானே என்று அவளுக்கு ஆச்சரியம்.

"இன்னா தம்பி, என்ன மாரியே நடக்கப் போறீங்களா? பாத்து, இடுப்பு புடிச்சிக்கும்!" என்று சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. மகள் சுகுணா எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இந்த வாளி வரக்கூடாது. அந்த மூன்று தெருக்களில் ஒன்றில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். கிறிஸ்தவ சபையில் பெரிய மனிதர். சுகுணாவை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கக் கடிதம் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஐயா எய்திக் குடுத்துட்டார்னா போதும் தம்பி. இந்தக் கருமம் என் கையோட போயிடும்."

நாலாம் நாள் நல்ல வெயில். நான் விளையாட்டாகக் கேட்டேன்: "தாகம் எடுத்தா என்ன பண்ணுவீங்கக்கா?"

"யாராவது கையில ஊத்துவாங்கோ. ஊத்தாத வூடும் கீது" என்றவள், சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஞாயித்துக்கெழம ஐயா வூட்ல எல்லாரும் கோயிலுக்குப் பூடுவாங்கோ. எனக்கோசரம் கொல்லக் கதவ மட்டும் தொறந்து வச்சிருப்பாங்கோ. வேலய முடிச்சிட்டு, கையக் கால சோப்புப் போட்டு கழுவிகினு, அவங்கோ கெணத்துல ஒரு வாளி தண்ணி எறைப்பேன். வவுறு முட்ட குடிப்பேன். அப்பால அந்தத் துவைக்கிற கல்லு மேல கால நீட்டிகினு குந்துவேன். அஞ்சே நிமிசம். அந்த அஞ்சு நிமிசம் அது என் வூடு தம்பி."

சொல்லிவிட்டு உடனே பயந்துபோனாள். "டிராமாவுல இத்த மட்டும் போட்டுடாதீங்கோ. என் பொண்ண உங்க தங்கச்சியா நெனச்சிக்கோங்க. சுகுணா படிப்பு போயிடும்."

"சத்தியமாப் போட மாட்டேன்க்கா" என்றேன். என் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

ஆல்பர்ட்டிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. அதுவரையில் நான் யோக்கியன்தான்!

சேலையூரிலும் ரயில் நிலையத்துக்கு வெளியிலும் நாடகம் நன்றாகவே போயிற்று. மூன்றாவது முறை கன்னியம்மாள் வேலைக்கு வரும் தெருவிலேயே போட நேர்ந்தது. இடம் கொடுத்தவர் அதே தலைமையாசிரியர். தன் வீட்டுக்கு எதிரிலிருந்த காலி மனையைச் சுத்தம் செய்யச் சொல்லி, முன்வரிசைக்கு வீட்டு நாற்காலிகளையும் அனுப்பினார். எங்களைப் போன்ற இளைஞர்களை அவருக்குப் பிடிக்கும்.

மாலை ஐந்து மணி இருக்கும். கூட்டம் வந்தது, ஆனால் ஒட்டவில்லை. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் கொட்டாவி விட்டார்கள். ஆல்பர்ட் எழுதிய வசனங்கள் காற்றில் போயின. மேடை ஏறியவனுக்குத்தான் அந்த அவமானம் தெரியும்... முகத்துக்கு நேரே தோற்றுக்கொண்டிருந்தேன்!

அப்போது நான் கன்னியம்மாளாக மாறினேன். அதுவரை ஏதோ ஒரு தொழிலாளியாகப் பொதுவாகத்தான் நடித்தேன். அது ஆல்பர்ட்டின் கட்டளை. சட்டென்று இடுப்பை வலப்பக்கம் சாய்த்தேன். "அம்மோவ்... வந்துட்டேன்!"

"டேய்... நம்ம கன்னிமாடா!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கொட்டாவிகள் நின்றன. எத்தனை கண்கள்! அத்தனையும் என்மேல்!

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

கண்ணுக்குத் தெரியாத கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். குடித்தேன். காலை நீட்டி உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றேன், கோயில் என்றேன், துவைக்கிற கல் என்றேன். "அந்த அஞ்சு நிமிசம் அது என் வூடு" என்று அவள் குரலிலேயே சொன்னேன். அத்தனை பேரும் அடங்கிப்போனார்கள். பிறகு கைதட்டல். நாடகம் முடிந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

முன்வரிசையில் தலைமையாசிரியரின் மனைவி பாதியிலேயே எழுந்து போவதைப் பார்த்தேன். மனம் தாங்காமல் அழப் போகிறார் என்று நினைத்தேன். என்ன மடத்தனம்!

மறுநாள் அவர்கள் வீட்டுக் கிணற்றை ஒட்ட இறைத்துக் சுண்ணாம்பு போட்டுக் கழுவினார்கள் என்று செய்தி வந்தது. தீட்டு என்று அவர்கள் சொல்லவில்லை, படித்தவர்கள். சுகாதாரம் என்றார்கள். கன்னியம்மாளைச் சந்துக்குள் வரக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

ஆல்பர்ட் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"அந்தக் கிணறு சீன் எங்கேர்ந்துடா வந்துது? நான் எழுதவே இல்லையே! அவங்ககிட்ட கேட்டியா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடித்திருப்பான், குழுவிலிருந்து தள்ளியிருப்பான். அவ்வளவுதானே? ஆனால் முந்தின நாள் வாங்கிய கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. அதை விட மனம் வரவில்லை.

"அவங்களேதான் சொல்லச் சொன்னாங்க" என்றேன். "நாலு பேருக்குத் தெரியட்டும், அந்த வீட்டுக்காரங்க முன்னாடியே சொல்லுன்னாங்க."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நெஜமாவாடா? அந்த அம்மாவுக்கு என்ன தைரியம்டா!"

ஆல்பர்ட் பொய் சொல்லத் தெரியாதவன். அதனால் மற்றவர் சொல்லும் பொய்யும் அவனுக்குத் தெரியாது. அன்றே தலைமையாசிரியரிடம் நியாயம் கேட்கப் புறப்பட்டான். நானும் பின்னாலேயே போய் வாசல் கதவருகில் நின்றுகொண்டேன்.

தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர். தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நிமிராமலே சொன்னார்: "வீட்டுல இவ கேக்க மாட்டேங்கிறா, தம்பி. எனக்கு ஒண்ணுமில்ல. தாகத்துக்குத் தண்ணி குடிச்சா, அதுல என்ன இருக்கு? ரெண்டு நாள் போகட்டும், நானே கூப்பிட்டு அனுப்பறேன். அந்தப் பொண்ணுக்குக் கடிதமும் தர்றேன்."

கேட்டீர்களா? எல்லாம் முடிந்துவிட்டது. சரியாகிவிட்டது! அந்த நிமிடத்தில் நாங்கள் வணக்கம் சொல்லிவிட்டு வந்திருந்தால்...

ஆல்பர்ட்டுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ரொம்ப நன்றி சார்! அவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல சார். உங்க முன்னாடியே இதைச் சொல்லணும்னு அவங்கதான் எங்ககிட்ட சொல்லி அனுப்பினாங்க!"

பெருமையாகத்தான் சொன்னான். பாராட்டித்தான் சொன்னான்.

தலைமையாசிரியர் மெல்ல நிமிர்ந்தார். "என் முன்னாடியே சொல்லச் சொன்னாளா? என் மனையில, என் நாற்காலியில என்னை உக்கார வெச்சு, தெருவே சிரிக்கப் பண்ணச் சொன்னாளா? அவ பொண்ணுக்கு நான் ஹாஸ்டல் தேடிக்கிட்டு இருக்கேன்..."

ஆல்பர்ட் தடுமாறினான். என்னைத் திரும்பிப் பார்த்தான். அவரும் பார்த்தார்.

"இல்லை சார், நான் சொன்னது பொய்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்தேன். ஆம், அதைத்தான் செய்தேன்! வார் சரியாகத்தான் இருந்தது.

சுகுணாவுக்குக் கடிதம் இல்லையென்றாயிற்று. ஒரு வாரத்தில் மூன்று தெருவுக்கும் வேறு ஆள் வந்துவிட்டாள்.

ஒருநாள் கல்லூரி வாசலில் ஒரு பொம்பளை என் பெயரைச் சொல்லி விசாரிப்பதாகக் காவலாளி ஆள் அனுப்பினான். விடுதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வெயிலில் கன்னியம்மாள்! பக்கத்தில் பள்ளிக்கூடப் பாவாடையோடு சுகுணா. நான் ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்லச் சொன்னேன். வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்கள். பல்லாவரத்தில் அவள் அக்கா வீட்டோடு போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த நாடகத்தை மேலும் பல ஊர்களில் போட்டோம். கிணற்றுக் காட்சி இல்லாமலா? எங்கு போனாலும் அதற்குத்தான் கைதட்டல். இன்றும் யாராவது என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினால், அந்தக் காட்சியைத்தான் சொல்லிப் புகழ்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன்.

ஆறேழு ஆண்டுகள் போயின. எனக்கு வேலை கிடைத்தது; திருமணமும் நிச்சயமாயிற்று. வாடகைக்கு வீடு பார்க்க ஒரு காலையில் பல்லாவரம் போனேன். தரகர் வரத் தாமதமாகவே, வீட்டின் பக்கச் சந்தில் நிழலுக்கு ஒதுங்கினேன்.

எதிரே ஓர் இளம்பெண் வந்தாள். முந்தானையை மூக்கில் கட்டியிருந்தாள். கையில் வாளி.

"டிராமா சார்தானே?" என்றாள். "நான் சுகுணா சார். கன்னிமா பொண்ணு."

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று எப்படியோ கேட்டேன்.

"அது செத்துப் போயி ரெண்டு வருசம் ஆவுது சார். மஞ்சக்காமாலை." வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைத் தளர்த்தினாள். "அன்னிக்கு உங்க டிராமாவ அம்மா பின்னால நின்னு பாத்துகினுதான் இருந்துச்சு. தம்பி என்ன மாரியே செஞ்சிச்சுன்னு சொல்லிகினே இருக்கும். கெணத்து மேட்டரக் கூட, பேச்சு வாக்குல தம்பி வாயில வந்துடுச்சு போல, பாவம்னுதான் சொல்லும்."

தரகர் வருகிறாரா என்று சந்து முனையைப் பார்த்தேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் சார். அம்மாதான் சொல்லச் சொன்னுச்சுன்னு ஐயாகிட்ட யாரு சார் சொன்னது? சாவற வரிக்கும் அது அதையேதான் கேட்டுகினு கெடந்துச்சு. அந்தத் தம்பி சொல்லாது, கூட இருந்தவங்கோ யாரோன்னு சொல்லும். காலேசுக்குக் கூட வந்தோம். நீங்க ஊருக்குப் பூட்டீங்கோன்னாங்க."

இப்போதாவது சொல்லியிருப்பான் என்று நினைக்கிறீர்கள், இல்லையா?

"தெரியலம்மா" என்றேன்.

"உங்களுக்கும் தெரியலியா..." என்று தலையசைத்தாள். முந்தானையை மறுபடியும் மூக்கில் இறுக்கிக் கட்டினாள். வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். மேல பட்டுடப் போவுது."

நான் தள்ளி நின்றேன்.