ஃபியூஸ் போகாத வீடு

தொண்ணூறுகளின் நடுவில், ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தோம். ஒரு கட்டடம், இரண்டு போர்ஷன், இரண்டுக்கும் ஒரே மீட்டர். பக்கத்துப் போர்ஷனில் ஒரு கன்னடக் குடும்பம்.

பெங்களூரில் பழையதாக வாங்கிய கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும் வைத்து, வீட்டிலேயே டைப்பிங் செய்து கொடுத்துவந்தேன். பிரிண்டர் சூடேறும்போது அந்த வீட்டுப் பெண் இஸ்திரிப் பெட்டி போட்டிருந்தால் தீர்ந்தது, ஃபியூஸ் போய்விடும். அதனால் அச்சடிக்கும் முன் நடுச்சுவரில் தட்டுவேன். அவர் பெட்டியை அணைத்துவிட்டுத் திருப்பித் தட்டுவார்.

என் கணவருக்கு மோட்டார் கம்பெனியில் வேலை. இந்தத் தட்டல் கச்சேரி அவருக்குப் பிடிக்கவில்லை. மோட்டாருக்குள் சுற்றும் தடித்த செம்புக் கம்பியைக் கொண்டுவந்து ஃபியூஸில் முறுக்கிவிட்டார். "இடியே விழுந்தாலும் இனி போவாது, பாத்துக்கோ" என்றார். திருநெல்வேலிக்காரருக்கே உரிய தெம்பு! உண்மையிலேயே போகவில்லை. சுவரில் தட்டுவதும் நின்றுபோனது.

ஒருநாள் மதியம், மறுநாள் காலை ஒரு மாணவர் கல்லூரியில் கொடுக்க வேண்டிய பிராஜெக்ட் அறிக்கை. காலையிலிருந்து அடித்ததைச் சேமிக்காமலே அச்சுக்குக் கொடுத்திருந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. வெளியே ஓடினால், மெயின் சுவிட்சில் ஒரு கை, இடுப்பில் குழந்தையுமாக அந்தப் பெண் நிற்கிறார்.

"உங்களுக்கு அறிவிருக்கா? காலையில இருந்து அடிச்சதெல்லாம் போச்சே! அந்தப் பையனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"சும்னிரி அக்கா, சத்தம் போடாதீங்க, ஒருக்கா உள்ள வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துப்போய், அவர் வீட்டுப் பக்கம் நடுச்சுவரில் வைத்தார். தோசைக்கல் மாதிரி சுட்டது. வயர் போகும் மரச்சட்டம் கருகி, புகை இன்னும் அடங்கவில்லை. அதற்கு நேர் கீழே குழந்தையின் படுக்கை. லோடு தாங்காமல் போகவேண்டிய ஃபியூஸ் போகாததால், வயரே எரியத் தொடங்கியிருக்கிறது.

சாயங்காலம் என் கணவர் வந்து அந்தக் கம்பியைக் கழற்றினார். அறிக்கையை வேறு இடத்தில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தேன். அத்தோடு முடிந்தது.

நாலு தாள் போனதற்கு நான் ஊரைக் கூட்டினேன். பெற்ற பிள்ளையே போயிருக்கும் என்று தெரிந்த பிறகும் என்னை ஒரு வார்த்தை திட்டாத அந்தப் பெண்ணை நினைத்தால், யாரிடமாவது குரலை உயர்த்தப்போகும்போது இன்றும் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது.