நாற்பதோடு நின்ற கேமரா

கருத்தரிப்பு மருத்துவமனையின் பின்னறையில் ஆறு நைட்ரஜன் உருளைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் டேங்க் அக்கா என்பார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. உருளைகளுக்குள், மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரித் திரவ நைட்ரஜனில், கருக்கள் உறைந்து கிடக்கும். மூன்றாவதில் அவள் தங்கையுடையது. இரண்டு முறை கைகூடாமல் போனபின் மிஞ்சிய ஒரே கரு. மறுநாள் அதைத் தங்கையின் வயிற்றில் வைக்கவேண்டும்.

அன்றுதான் வெப்பக் கேமரா வந்திருந்தது. உருளையின் வெளிச்சுவர் எங்காவது குளிர்ந்திருந்தால், அங்கே குளிர் கசிகிறது என்று காட்டிக்கொடுக்கும் என்று வாங்கியது. வெளியே பார்த்ததோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? மூன்றாவது உருளையின் மூடியைத் தூக்கி, வெண்புகைக்கு நடுவே உள்ளேயும் நீட்டினாள்.

மைனஸ் நாற்பது.

நாற்பதில் எந்தக் கருவும் பிழைக்காது.

மருந்து எடுக்க வந்த நர்ஸ், "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள்.

"மைனஸ் நாப்பதுதான் காட்டுது. தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"குச்சி விட்டுப் பாத்தியா?"

"மிஷினே சொல்லுதே!"

"மிஷின் இன்னிக்குதான் வேலைக்குச் சேந்திருக்கு. நீ குச்சிய விடு."

அளவுக் குச்சியை அடிவரை இறக்கி, எடுத்துக் காற்றில் ஆட்டினாள். அடியிலிருந்து பாதிக்கு மேல்வரை வெள்ளையாகப் பனி படர்ந்தது. அந்த உயரத்துக்குத் திரவம் இருக்கிறது. ஆனால் கேமரா அசையவில்லை, மறுபடியும் நாற்பது. எதை நம்புவது? கேமரா விற்றவரைப் போனில் பிடித்தாள்.

"பக்கத்து டேங்க் மூடியத் தொறந்து காட்டுங்கம்மா."

"நாப்பது."

"அதுக்கடுத்தது?"

"அதுவும் நாப்பது!"

"அதான். நாப்பதுக்குக் கீழ அதுக்குக் கண்ணு தெரியாதும்மா. அவ்வளவு குளிர்ந்த பொருள்லேர்ந்து வர்ற வெப்பம் அதுக்குப் பத்தாது. திரவத்துல முங்கிக் கிடக்குறதையும் காட்டாது. நம்பருக்கு முன்னால ஒரு குறி இருக்கா? 'இதுக்கும் கீழ'ன்னு அர்த்தம்."

இருந்தது, கடுகளவுக்கு. அவள் மூடிகளை அழுத்திப் பொருத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியலன்னு ஒத்துக்காம வாய்க்கு வந்தத அடிச்சு விடுது பாரு, எங்க வீட்டுக்காரர் மாதிரி," என்றாள் நர்ஸ். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

சிரிப்புக்கு நடுவே தங்கையின் போன்.

"அக்கா, அது பத்திரமா இருக்கில்ல? எனக்குப் படபடன்னு வருது."

"ஜம்முனு இருக்குடி. இப்பதான் பாத்தேன்."

"அழுவுறியா?"

"சிரிக்கிறேன்டி. நேரத்தோட வந்து சேரு."